டிக்கெட் கவுன்டர் என்று நினைத்த கோட்டை

என் போனில் எட்டு வருடப் பழைய போட்டோ ஒன்று இருக்கிறது. செம்பழுப்பு நிறக் கல் சுவர். அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என் கணவர் நிற்கிறார். தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மப்ளர். ஜூன் மாதத்தில்! அந்தப் படத்தை ஊரில் இருக்கும் தன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, கீழே 'சுதந்திர தேவி சிலைக்கு டிக்கெட் கொடுக்கும் இடம்' என்று எழுதியிருந்தார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் சாய்ந்து நின்றது 200 வருடத்துக்கு மேல் வயதான ஒரு கோட்டை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அதற்குள் நுழைந்து, வரிசையைப் பார்த்துப் பயந்து, வெளியே வந்துவிட்டோம். தினமும் ஆயிரக்கணக்கான பேர் இதையேதான் செய்கிறார்கள். சிலையைப் பார்க்கும் அவசரத்தில் கோட்டையை யாரும் பார்ப்பதில்லை.

போன அக்டோபரில் இரண்டாவது முறை அமெரிக்கா போனேன். இந்தமுறை தனியாக. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

பையன் செந்தில் குடும்பம் இருப்பது நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்ஸி சிட்டியில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க். வீட்டை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் நம் ஊர்க் கத்திரிக்காய், கோவைக்காய், இட்லி மாவு எல்லாம் விற்கும் கடைத்தெரு. அதனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. குறை வேறு. நான் போய் இறங்கிய மூன்றாம் நாள், சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சில தாள்களைக் கொண்டுவந்து வைத்தான் செந்தில்.

"அம்மா, எனக்கு இந்த வருஷம் சிட்டிசன்ஷிப் வந்துடுச்சுல்ல. இனிமே உனக்காக நான் மனு போடலாம். நீ இங்கேயே இருந்துடலாம். வீட்டை என்ன பண்றதுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

'அப்புறம் பேசிக்கலாம்' என்றால் விற்றுவிடலாம் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? நான் பதில் சொல்லவில்லை. உறை மேஜையிலேயே கிடந்தது. சாப்பிடும்போதெல்லாம் ஊறுகாய் பாட்டிலை அதன் மேல் வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பேட்டரி பார்க்குக்குப் போகலாம், அப்பாயிக்கு மீன் ராட்டினம் காட்டணும்" என்று பேத்தி மித்ரா பிடிவாதம் பிடித்தாள். மருமகள் காவ்யா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினாள். கிளம்பினோம்.

ஜெர்ஸி சிட்டியிலிருந்து பாத் என்ற ரயில் ஆற்றுக்கு அடியில் போய் உலக வர்த்தக மையத்தில் விடுகிறது. அங்கிருந்து தெற்கே இருபது நிமிடம் நடை. வழியில் அந்த வெண்கலக் காளை மாட்டைச் சுற்றி எப்போதும் கூட்டம். அதைத் தாண்டினால் திடீரென்று கட்டடங்கள் முடிந்து மரங்கள் தொடங்குகின்றன. மன்ஹாட்டன் தீவின் தென்கோடி நுனி அது. 25 ஏக்கர் பூங்கா. அதற்கப்பால் தண்ணீர்.

பேட்டரி என்றதும் நான் டார்ச் லைட்டைத்தான் நினைத்தேன். துறைமுகத்தைக் காக்க வரிசையாக வைக்கும் பீரங்கிகளுக்கும் அதே பெயராம். டச்சுக்காரர்களும் பிறகு ஆங்கிலேயர்களும் இந்த நுனியில் பீரங்கி வைத்திருந்ததால் வந்த பெயர். இப்போது அங்கே இருப்பது அணில்களும், சைக்கிள் ஓட்டும் குழந்தைகளும், பெஞ்சில் காலை நீட்டித் தூங்கும் ஆட்களும்தான். பச்சைப் பெயின்ட் பூசிக்கொண்டு சுதந்திர தேவி வேஷம் போட்டவர்கள் போட்டோவுக்குக் காசு கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு வரை ஜெல்டா என்று ஒரு காட்டு வான்கோழி தனியாளாக இந்தப் பூங்காவில் குடியிருந்ததாம். 2003 முதல் 2014 வரை. அந்த மாநகரத்தின் நடுவில் அது எப்படித்தான் பிழைத்ததோ!

பூங்காவில் கால் வைப்பதற்குள்ளேயே நம்மைச் சூழ்ந்துகொள்ளும் இன்னொரு கூட்டம் உண்டு. கழுத்தில் அட்டை தொங்கும், மேலே கலர் ஜாக்கெட் இருக்கும். "ஸ்டாச்சு டிக்கெட்? வரிசை இல்லை, உடனே போகலாம்" என்பார்கள். போனமுறை அவர்களில் ஒருவரிடம்தான் என் கணவர் சிக்கினார். கோட்டைக்குள் வரிசையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம் என்றேனே, அப்போதுதான். ஊர்ப் பணத்துக்குப் பல ஆயிரம். படகு சிலைப் பக்கம் போனது, தூரத்திலேயே ஒரு வட்டம் அடித்தது, திரும்பிவிட்டது. தீவில் நிற்கவே இல்லை. பையனிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "நம்ம தாலுகா ஆபீஸ் வாசல்ல நிக்கிற புரோக்கர்தான் இவனும். இங்க்லீஷ் பேசினதுல ஏமாந்துட்டேன்" என்று அன்றிரவு அவரே சிரித்தார்.

நான் வேலை பார்த்தது தாலுகா ஆபீஸில். 33 வருடம். அதில் பாதிக்கு மேல் பழைய ரெக்கார்டு ரூமில்.

இந்தமுறை செந்தில் முன்னாலேயே நடந்தான். அட்டைக்காரர்களைக் கையசைத்து விலக்கிக்கொண்டே போனான். கோட்டை வாசல் வந்ததும் நான் நின்றுவிட்டேன். போட்டோவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே சுவர்.

காஸில் கிளின்டன் என்று பெயர். கிளின்டன் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ஜனாதிபதி இல்லை. டிவிட் கிளின்டன் என்று அந்தக் காலத்தில் நியூயார்க் மேயராக இருந்தவர். வட்டமான கோட்டை. நம் செஞ்சி, வேலூர்க் கோட்டைகளை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். ஒரே அடுக்கு. ஒரு சுற்று வர ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் சுவரின் கனம் 8 அடி. அதில் வரிசையாகப் பீரங்கி மூக்கு நீட்டும் துளைகள். மொத்தம் 28 பீரங்கிகளுக்கு இடம். பிரிட்டனோடு மறுபடியும் யுத்தம் வரும் என்ற பயத்தில் 1808-ல் தொடங்கி 1811-ல் முடித்திருக்கிறார்கள். 1812-ல் யுத்தமும் வந்தது. ஆனால் பிரிட்டிஷ் கப்பல்கள் இந்தத் துறைமுகத்துக்குள் நுழையவில்லை. எதிரியைப் பார்த்து இந்தக் கோட்டை ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

"வேஸ்ட்" என்றாள் மித்ரா. ஆறு வயது. அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

செந்தில் இன்னொன்று சொன்னான். கோட்டை கட்டப்பட்டபோது அது தரையிலேயே இல்லையாம். கரையிலிருந்து சுமார் 200 அடி தள்ளித் தண்ணீருக்குள் இருந்த பாறைத் திட்டில் நின்றது. மரப்பாலம் வழியாகத்தான் உள்ளே போகமுடியும். பிறகு நகரம் வளர வளர மண்ணையும் கல்லையும் கொட்டிக் கடலைத் தள்ளி, கோட்டையைக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். நாங்கள் நின்றுகொண்டிருந்த புல்வெளியில் பெரும்பகுதி ஒருகாலத்தில் தண்ணீர்.

எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. மயிலாடுதுறையிலிருந்து ஒரு மணி நேரம். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்களும் இப்படித்தான் புளியோதரை கட்டிக்கொண்டு செந்திலைக் கூட்டிப் போவோம். அங்கே கதை தலைகீழ். கடல் முன்னேறிக்கொண்டே வருகிறது. கோட்டைக்குப் பக்கத்தில் கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலில் பாதியை அலை தின்றுவிட்டது. 1306-ல் பாண்டியர் காலத்தில் கட்டிய கோயில். நான் கல்யாணமாகி வந்தபோது பார்த்த கல் படிகளை இப்போது காணோம். ஒரு ஊரில் கடல் தரையைத் தின்கிறது, இன்னொரு ஊரில் மனிதர்கள் கடலைத் தின்றிருக்கிறார்கள்.

முழுசாகத் தின்றுவிட்டதாகவும் சொல்லமுடியாது. 2012 அக்டோபர் 29-ம் தேதி ராத்திரி சாண்டி புயல் வந்தபோது, இந்த நுனியில் தண்ணீர் ஏறக்குறைய 14 அடி உயரத்துக்கு ஏறியது. பக்கத்து ரயில் நிலையம் மூழ்கிப்போனது. கொட்டின மண்ணைக் கடல் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் போனபோது கரையோரத்தில் ஒரு பகுதியை வேலி போட்டு மறைத்து, நடைபாதையை உயர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது.

சரி, சண்டையே போடாத கோட்டையை என்ன செய்வது? 1820-களில் ராணுவம் காலி செய்ததும் அது நகரத்தின் கைக்கு வந்தது. காஸில் கார்டன் என்று பெயர் மாற்றி, 1824-ல் பொழுதுபோக்கு இடமாகத் திறந்தார்கள். பூச்செடிகள், பாட்டுக் கச்சேரி, வாணவேடிக்கை. பிறகு மேலே கூரையும் வந்தது. தந்தி கண்டுபிடித்த மோர்ஸ், 1842-ல் இங்கிருந்து எதிரே இருக்கும் கவர்னர்ஸ் தீவுக்குத் தண்ணீருக்கு அடியில் கம்பி போட்டுச் செய்தி அனுப்பிப் பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், பாவம். 1850-ல் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் அமெரிக்காவில் முதல் கச்சேரி செய்ததும் இங்கேதான். டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். முதல் டிக்கெட்டை 225 டாலருக்கு எடுத்தவர் ஒரு தொப்பி வியாபாரி. அந்தக் காலத்து 225 டாலர்! நல்லவேளை, அவர் பெண்டாட்டி என்ன சொன்னாள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இதையெல்லாம் மித்ராவுக்குச் சொல்லிக்கொண்டே உள்ளே இருக்கும் சின்னக் காட்சியறைக்குள் போனோம். உள்ளே கோட்டையின் பழைய தோற்றங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் சின்ன மாதிரிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் எதுவும் கிடையாது. அங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

1855 ஆகஸ்டில் இந்தக் கோட்டை, கப்பலில் வந்து இறங்குகிறவர்களைப் பதிவு செய்யும் இடமாக மாறியது. சுதந்திர தேவி சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் எல்லிஸ் தீவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அது 1892-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் 1855-லிருந்து 1890 வரை, இந்த வட்டச் சுவருக்குள் நுழைந்து வெளியே போனவர்கள் 80 லட்சம் பேருக்கு மேல். ஜெர்மனி, அயர்லாந்து, ஸ்வீடன், இத்தாலி, ரஷ்யா என்று எங்கெங்கிருந்தோ. அப்போது விசா என்று ஒன்று கிடையாது. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றபடி பெரும்பாலானவர்களுக்கு, கப்பல் டிக்கெட்டும் தெம்பான உடம்பும் போதும்.

ஏன் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் தெரியுமா? புரோக்கர்களுக்குப் பயந்து! அதற்கு முன்பு கப்பல் கரை தொட்டதும், வருகிறவர்களின் சொந்த பாஷையிலேயே பேசிக்கொண்டு ஆட்கள் பாய்வார்களாம். மூட்டையைப் பிடுங்கி, தங்களுக்குக் கமிஷன் கிடைக்கும் விடுதிக்கு இழுத்துப் போவது, போகாத ஊருக்கு ரயில் டிக்கெட் விற்பது, காசு மாற்றித் தருகிறேன் என்று பாதியை அமுக்குவது. அவர்களை வெளியே நிறுத்தத்தான் இந்தச் சுவர் தேவைப்பட்டது. பீரங்கிக்காகக் கட்டிய சுவர் கடைசியில் போலி டிக்கெட்காரனைத் தடுக்கப் பயன்பட்டிருக்கிறது. 170 வருடம் கழித்து அதே சுவருக்கு வெளியே அதே வேலை நடக்கிறது. என் கணவர் இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். தான் மட்டும் ஏமாளி இல்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி வந்திருக்கும்.

உள்ளே எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. பேர் என்ன, எந்த ஊர், எங்கே போகிறாய் என்று கேட்டுக் குமாஸ்தாக்கள் பேரேட்டில் எழுதுவார்கள். பல பாஷை தெரிந்தவர்கள் இருப்பார்கள். நியாயமான விலையில் காசு மாற்றலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம், வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம், ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லலாம். உறவுக்காரர்கள் வந்து காத்திருந்தால் பேரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுவார்கள். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தமாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் கூச்சல் குழப்பத்துக்கே 'கெஸல்கார்டன்' என்று பேர் வந்துவிட்டது. நாம் சந்தைக்கடை என்கிறோமே, அந்த மாதிரி.

நான் அந்தக் குமாஸ்தாக்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர், எத்தனை விதமான பேர். எழுத்துக்கூட்டிச் சொல்லத் தெரியாத அம்மாவிடம் பேர் கேட்டு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். காதில் விழுந்ததை எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். அது அவர்களின் தலைமுறைக்கே பேராகியிருக்கும்.

அந்தப் பேரேடுகள் இப்போது எங்கே என்று செந்திலைக் கேட்டேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "எரிஞ்சு போச்சும்மா" என்றான்.

எல்லிஸ் தீவுக்கு மாற்றி வைத்திருந்தார்களாம். 1897 ஜூனில் அங்கே மரக் கட்டடம் தீப்பிடித்து, காஸில் கார்டன் பதிவேடுகளும் சேர்ந்து சாம்பலாயின. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சிரிக்காதீர்கள். ரெக்கார்டு ரூமில் மழை ஒழுகி ஒரு கட்டு நனைந்தாலே நாங்கள் நாள் முழுக்க மின்விசிறிக்கு அடியில் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்துவோம். ஒரு பக்கம் போனால் ஒரு குடும்பத்தின் நிலம் போகும். 35 வருடப் பதிவு போவது என்றால்!

"ஆனா கப்பல் கம்பெனிகள் கொடுத்த பயணிகள் லிஸ்ட் கஸ்டம்ஸ் ஆபீஸ்ல தனியா இருந்திருக்கு. அது தப்பிச்சுது. இன்னிக்குத் தாத்தா பேரைத் தேடறவங்க எல்லாம் அதுலதான் தேடறாங்க" என்றான்.

டூப்ளிகேட்! எந்த ஆபீஸாக இருந்தாலும் இன்னொரு நகல் இன்னொரு இடத்தில் இருக்கவேண்டும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொள்வேன். கேட்டால்தானே!

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. குடியேறியவர்கள் என்று பேர். ஸ்பெயின் நாட்டுச் சிற்பி லூயிஸ் சாங்கினோ செய்தது. யூதர் ஒருவர், விடுதலையான கறுப்பின அடிமை ஒருவர், பாதிரியார் ஒருவர், தொழிலாளி ஒருவர் என்று எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, தரையில் விழுந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மித்ரா அதன் மேல் ஏறப் பார்த்தாள். காவ்யா அவளை இழுத்துக்கொண்டு ராட்டினத்துக்குப் போனாள்.

ராட்டினத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு உதவும். இதில் குதிரை கிடையாது. எல்லாம் மீன்கள். 30 பெரிய மீன்கள், உள்ளுக்குள் விளக்கு எரியும், அதற்குள் உட்கார்ந்து சுற்றலாம். 2015-ல் திறந்தது. மீன் ஏன் என்றால், குடியேறிகள் போன பிறகு 1896-ல் இந்தக் கோட்டை மீன் காட்சிசாலை ஆனது. 45 வருடம் நடந்தது. டிக்கெட் கிடையாது என்பதால் நகரமே வந்து பார்த்திருக்கிறது. 1941-ல் ராபர்ட் மோசஸ் என்ற செல்வாக்கான அதிகாரி, ஆற்றுக்கு அடியில் சுரங்கச் சாலை போடும் வேலையைக் காரணம் காட்டி அதை மூடினார். கோட்டையையே தரைமட்டமாக்கத் துடித்திருக்கிறார். ஜனங்கள் விடவில்லை. கூரை, உள்கட்டடம் எல்லாம் போய் வெறும் வட்டச் சுவர் மட்டும் நின்றது. 1946-ல் நாடாளுமன்றம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. சீர்செய்து திறக்க 1975 ஆகிவிட்டது. அரசாங்கக் காரியம் எல்லா ஊரிலும் ஒரே வேகம்தான்.

செந்தில் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான்.

"இந்த 80 லட்சம் பேர்ல எத்தனை பேர் திரும்பிப் போய் அப்பா அம்மாவைப் பார்த்திருப்பாங்க?" என்று நான்தான் ஆரம்பித்தேன். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அப்படித்தான் கேட்டுவிட்டது போல.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவுக்கு முடியலன்னு போன் வந்தப்போ நான் ஆபீஸ்ல இருந்தேன். வீடு வந்து சேர இருபத்தெட்டு மணி நேரம் ஆச்சு. நடுவுல ஏர்போர்ட்ல உக்காந்திருக்கும்போதே மாமா மெசேஜ் போட்டுட்டாரு. அப்புறமும் ஒரு பிளைட் ஏறணும். பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சிரிச்சுப் பேசிக்கிட்டு வந்தேன், தெரியுமா உனக்கு? என்ன பண்றதுன்னு தெரியல" என்றான். "இன்னொரு தடவை என்னால அப்படி வரமுடியாதும்மா."

மூன்று வருடத்தில் இதை அவன் சொன்னதே இல்லை. வாசலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து அவன் நின்ற நிலை மட்டும் எனக்குத் தெரியும். வந்த வழி தெரியாது.

அந்த உறையை நான் இத்தனை நாள் என்னைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். என் வீடு, என் கொல்லைப்புற முருங்கை, என் பென்ஷன், காலையில் கோலம் போடும்போது பேசும் எதிர்வீட்டுக்காரி. அந்த அட்டை வாங்கிவிட்டால் நினைத்தபோது ஊரில் போய் வருடக்கணக்கில் உட்காரமுடியாது என்பதையும் விசாரித்து வைத்திருந்தேன். அவன் பக்கத்து நியாயத்தை விசாரிக்கத் தோன்றவில்லை. 19 வருடம். அதில் கிரீன் கார்டு வரிசையில் நின்றது மட்டும் 9 வருடம். அந்தக் காலத்தில் அம்மா செத்த செய்தி இவர்களுக்குக் கடிதத்தில் வர எத்தனை வாரம் ஆகியிருக்கும்? வாரக்கணக்கில் தெரியாமல் இருந்தது நல்லதா, இருபத்தெட்டு மணி நேரம் தெரிந்துகொண்டே வந்தது நல்லதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சாப்பிடு முதல்ல" என்றேன். "மனுவுக்கு என்னென்ன சர்ட்டிபிகேட் வேணும்?"

நிமிர்ந்து பார்த்தான். "என் பர்த் சர்ட்டிபிகேட் இருக்கு, உன் பேரோட. பின்னாடி உன்னோடதும் கேப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாலுகாவில் பாதிப் பேருக்குப் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் நான். எனக்கு அது கிடையாது. 1958-ல் ஒரு கிராமத்தில் அம்மாச்சி வீட்டில் பிறந்தேன். யாரும் போய் எழுதிவைக்கவில்லை. எழுதவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சர்வீஸில் இருந்தபோது ஒரு மத்தியானம் யாருக்கும் தெரியாமல் அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்துத் தேடியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மாமா பேர் இருந்தது. என் பேர் இல்லை.

"பதிவு இல்லைன்னு ஒரு சான்று வாங்கணும்டா. அப்புறம் வயசுல பெரியவங்க ரெண்டு பேர் அபிடவிட் கொடுக்கணும். போனதும் எழுதிப் போடறேன். ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா?"

"நானே நேர்ல போய் நின்னாதான் ஆறு மாசம். வீட்டை விக்கிற பேச்சை மட்டும் இப்போ எடுக்காதே."

சரி என்று தலையாட்டினான். தயிர்சாதம் காலியானது.

மித்ரா ஓடிவந்து, நீல மீனில் உட்கார்ந்ததாகச் சொன்னாள். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. சிலை தூரத்தில் சின்னதாக, பச்சையாகத் தெரிந்தது. படகில் போய்ப் பார்க்க அன்று நேரமில்லை. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், முன்கூட்டியே அதிகாரப்பூர்வ இணையதளத்தில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். படகு ஏறும் முன் விமான நிலையம் மாதிரி சோதனை உண்டு. அதே டிக்கெட்டில் எல்லிஸ் தீவும் சேர்த்தி. செலவே வேண்டாம் என்றால் பூங்காவை ஒட்டி ஸ்டேட்டன் தீவுக்குப் பெரிய படகு போகிறது. போகவர இலவசம். அதிலிருந்தே சிலை நன்றாகத் தெரியும். அதற்கும் டிக்கெட் விற்க வாசலில் ஆள் வருவான். வாங்காதீர்கள்.

கிளம்பும் முன் கோட்டைச் சுவரில் அதே இடத்தைத் தேடிப் போனேன். ஒரு கல்லில் குறுக்காக ஒரு கீறல், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். செந்தில் போனை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"கையை ஊன்றிக்கோ அம்மா, அப்பா மாதிரி."

கல் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. படத்தைக் கொழுந்தனாருக்கு அனுப்பினேன். கீழே என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, 'டிக்கெட் கவுன்டர் இல்லை, கோட்டை' என்று போட்டேன். ஊரில் அப்போது விடியற்காலை மூன்று மணி. உடனே இரண்டு நீலக் கோடு வந்தது. அவரும் தூங்கவில்லை போல.